காய்கறி வேனின் மூன்றாவது கோட்: கேன் பஸ்ஸில் கெர்னலுக்கு எது, வெளியே எது

வேனின் எஞ்சின் கணினியிடம் பதிவாகியிருக்கும் பிழைக் கோடுகளை, அதாவது கோளாறுக் குறியீடுகளை, கேட்கிறோம். மூன்று கோடுகள் இருந்தால் பதில் எட்டு பைட் வரும். வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் கம்பியான கேன் பஸ்ஸில் ஒரு ஃபிரேமிலும், அதாவது ஒரு செய்தித் துண்டிலும், எட்டு பைட்டுக்கு இடம் உண்டு. ஆனாலும் அந்தப் பதில் ஒரே ஃபிரேமில் அடங்காது. நீளத்தைச் சொல்லவே ஒரு பைட் போய்விடும், ஏழுதான் மிஞ்சும். அந்த ஒரு பைட்டால் பதில் இரண்டாக உடைகிறது. உடைந்த பிறகு, கேட்டவரும் சொல்பவரும் ஒரு கெடுவுக்குள் ஒருவருக்கொருவர் பதில் கொடுத்தாக வேண்டும். அந்தக் கெடுவை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வைத்துக் காப்பாற்றுவதா, வெளியே ஒரு சாதாரண புரோகிராமில் வைத்துக் காப்பாற்றுவதா என்று செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து தேக்காவுக்குக் காய்கறி ஏற்றும் அண்ணன் ஒருவர் எங்கள் புளோக்கில் குடியிருக்கிறார். அவர் வேனின் சிஓஇ, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமச் சான்று, முடியப்போகிறது. பத்து வருடம் தீர்ந்ததும் பணம் கட்டி இன்னும் 5 வருடமோ 10 வருடமோ நீட்டிக்கலாம். இல்லையென்றால் வண்டியை விட்டுவிட வேண்டும். சின்னத் தொகை இல்லை. "எஞ்சின் லைட்டு அப்பப்ப எரியுது தம்பி. போற இடத்துல எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வண்டி தாங்குமா தாங்காதான்னு தெரிஞ்சா போதும்" என்றார். சில வாரம் வேனில் ஒரு பெட்டி வைத்து, குளிர்விப்பு நீரின் வெப்பம், மின்னழுத்தம், பிழைக் கோடுகள் மூன்றையும் பதிவு செய்து தருவதாகச் சொன்னேன். கேட்டுப் படிப்பது மட்டும்தான் வேலை, வண்டியில் எதையும் மாற்றமாட்டேன் என்பதையும் முதலிலேயே பேசிக்கொண்டோம்.

பெட்டிக்குள் இருப்பது 1 ஜிபி நினைவகம் கொண்ட பழைய ராஸ்பெரி பை 3, எம்சிபி2515 என்ற கேன் சிப் பொருத்திய ஒரு சிறு போர்டு, பத்துக்கு மேல் வருடமாக என்னிடம் இருக்கும் மல்ட்டிமீட்டரால் சோதித்த கேபிள். போர்டை ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் வாங்கினேன். இதே சிப்போடு விற்கும் மலிவு போர்டுகள் பல 5 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றின் அவுட்புட்டை நேராக ராஸ்பெரி பையின் பின்களில் கொடுக்கக் கூடாது, அவை 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நான் 3.3 வோல்ட்டில் ஓடும் டிரான்சீவர் (பஸ் கம்பியோடு பேசும் சிப்) உள்ளதைத் தேடி எடுத்தேன். சிப்புக்குப் பக்கத்தில் உள்ள வெள்ளி நிறக் கிரிஸ்டலில் 8 என்றோ 16 என்றோ பொறித்திருக்கும். அந்த மெகாஹெர்ட்ஸ் எண்ணை அப்படியே பூட் கான்ஃபிக் கோப்பில் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பஸ் வேகம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகி, பிழை ஃபிரேம்கள் மட்டும்தான் வரும்.

வேனின் கோளாறுகளைப் படிப்பதற்கான இணைப்பியான ஓபிடி சாக்கெட்டில் 6ஆம் பின் கேன் ஹை, 14ஆம் பின் கேன் லோ. சாவியை எடுத்துவிட்டு, மின்சாரம் அடங்கியதும் இரண்டுக்கும் நடுவே மின்தடையை அளந்தால் 60 ஓம் அளவில் வர வேண்டும். பஸ்ஸின் இரு முனையிலும் உள்ள 120 ஓம்கள் இணையாக நிற்பதால் வரும் எண் அது. வந்தது. அதனால் என் போர்டில் இருந்த 120 ஓம் ஜம்பரைக் கழற்றிவிட்டேன். 16ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும். அதிலிருந்து எடுத்தால் இரவெல்லாம் பேட்டரி வடியும். எனவே சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் யூஎஸ்பி சார்ஜர் போட்டு அதிலிருந்து எடுத்தேன். டேஷ்போர்டு மேல் வெயில் அடிக்கும் என்பதால் பெட்டி சீட்டுக்கு அடியில் போனது.

முதல் இணைப்பை எப்போதும் 'கேட்க மட்டும்' நிலையில் செய்யுங்கள். லினக்ஸில் கேன் இடைமுகத்தை எழுப்பும்போதே இதைக் கொடுக்க முடியும். அந்த நிலையில் சிப் ஒப்புகை பிட்டைக் கூடப் போடாது. வேகம் 500 கிலோபிட் என்று உறுதியான பிறகுதான் பேசும் நிலைக்கு மாறினேன்.

சிப் டிரைவர்: இங்கே வாதமே இல்லை

எம்சிபி2515 சிப்பை யூசர் ஸ்பேஸிலிருந்தே, அதாவது கெர்னலுக்கு வெளியே சாதாரண புரோகிராம்கள் ஓடும் இடத்திலிருந்தே, ஓட்டலாம். சிப்பையும் ராஸ்பெரி பையையும் இணைக்கும் எஸ்பிஐ பஸ்ஸை ஒரு கோப்பைப் போலத் திறந்து, சிப் கூப்பிடும் இன்டரப்ட் பின்னைக் கவனித்து, பைதான் மொழியில் சிப்பின் ரிஜிஸ்டர்களைப் படிக்கும் நூலகங்கள் நிறைய கிடைக்கின்றன. சிறு ரோபோ வேலைகளுக்கு அவை ஓடவும் செய்கின்றன. வேனில் ஏன் ஓடாது என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

500 கிலோபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 2 மைக்ரோநொடி. எட்டு பைட் உள்ள சாதாரண ஃபிரேம், இடைவெளியையும் சேர்த்து 111 பிட். நடுவே நுழைக்கப்படும் பிட்களைப் பொறுத்து 135 வரை போகலாம். அதாவது ஒரு ஃபிரேமுக்கு 222 முதல் 270 மைக்ரோநொடி. இந்தச் சிப்பில் வரும் ஃபிரேமை வைத்துக்கொள்ள இரண்டே பஃபர்கள்தான். இரண்டும் நிறைந்திருக்கும்போது மூன்றாவது வந்தால் அது தொலைந்தது. ஃபிரேம்கள் அடுத்தடுத்து வரும்போது, முதல் ஃபிரேமை எடுக்க நமக்குக் கிடைப்பது சுமார் அரை மில்லிநொடிதான். ஒரு சாதாரண புரோகிராமை லினக்ஸ் எழுப்பி, அது கெர்னலிடம் எஸ்பிஐ வழியே படித்துத் தரச் சொல்லிக் கேட்டு, பதில் வாங்கித் திரும்புவதை இந்த நேரத்துக்குள் ஒவ்வொரு தடவையும் செய்ய முடியும் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. கெர்னலுக்குள் இந்தச் சிப்பை ஓட்டும் டிரைவரோ இன்டரப்ட்டுக்கென்றே தனி இழை (த்ரெட்) வைத்திருக்கிறது; அது நிகழ்நேர முன்னுரிமையில் ஓடுகிறது. வேலை பார்த்துக்கொண்டிருக்கும் எந்த சாதாரண புரோகிராமையும் ஒதுக்கிவிட்டு அது முன்னால் வரும்.

அதையும் மீறிச் சில தொலையலாம். இடைமுகத்தின் புள்ளிவிவரத்தில் ஓவர்ரன் எண்ணிக்கை தனியாக வரும். பதிவைப் படிக்கும் முன் அதைப் பார்க்கும் பழக்கம் நல்லது.

சாக்கெட்கேன் வந்த கதை

லினக்ஸில் கேன் முதலில் இப்படி இல்லை. ஒவ்வொரு கார்டு தயாரிப்பாளரும் தன் டிரைவரை ஒரு கேரக்டர் டிவைஸாக, கோப்பைப் போலத் திறக்கும் ஒன்றாக, தந்தார். கார்டை மாற்றினால் புரோகிராமையும் திருத்த வேண்டும். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் அதைத் திறக்க முடியும். வோக்ஸ்வாகன் ஆராய்ச்சிப் பிரிவில் உருவான ஒரு வடிவமைப்பு இதை மாற்றியது. கேனை அவர்கள் ஒரு நெட்வொர்க்காகப் பார்த்தார்கள். கார்டு ஒரு நெட்வொர்க் இடைமுகம் ஆனது. புரோகிராம் ஒரு சாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கோடு பேசும் வாயிலை, திறந்தது. அதுவே சாக்கெட்கேன் என்ற பெயரில் 2008இல் 2.6.25 கெர்னலில் சேர்ந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஃபில்டரைப் பற்றியது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு அடையாள எண் உண்டு; வேண்டிய எண்ணை மட்டும் உள்ளே விட எம்சிபி2515 சிப்பிலேயே ஆறு ஃபில்டர்கள் இருக்கின்றன. லினக்ஸ் டிரைவர் அவற்றைத் தொடுவதில்லை. எல்லா ஃபிரேமையும் உள்ளே எடுத்து, ஒவ்வொரு சாக்கெட்டும் கேட்ட எண்களுக்கு ஏற்பக் கெர்னலில் பிரித்துத் தருகிறது. முதலில் பார்க்கும்போது இது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் பஸ் ஒன்று, கேட்பவர்கள் பலர். ஒரு புரோகிராமுக்குத் தேவையில்லாத ஃபிரேம் இன்னொன்றின் உயிர்நாடியாக இருக்கலாம். சிப்பில் ஃபில்டர் போட்டால் ஒருவருடைய விருப்பம் எல்லோர் மேலும் விழும். பங்கிட்டுக் கொடுக்கும் வேலை பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். லினக்ஸில் அந்தப் பொது இடம் கெர்னல்.

என் பெட்டியில் இது நேரடியாகப் பயன்பட்டது. ஃபில்டர் இல்லாமல் திறந்தால் பஸ்ஸில் ஓடும் எல்லா ஃபிரேமுக்கும் பைதான் விழித்துக்கொள்ளும். எஞ்சின் கணினியின் பதில் எண்ணான 7இ8 மட்டும் போதும் என்று ஃபில்டர் போட்டதும் புரோகிராம் பெரும்பாலும் தூங்கியது.

75 மில்லிநொடி

இப்போது உடைந்த பதிலுக்கு வருவோம். ஏழு பைட்டுக்கு மேற்பட்டதை உடைத்து அனுப்பும் விதிமுறை ஐஎஸ்ஓ 15765-2, பேச்சுவழக்கில் ஐஎஸ்ஓ-டிபி. வேனிடம் '03' என்று கேட்டேன். பதிவான கோடுகளைத் தா என்பது அதன் பொருள். வந்த முதல் ஃபிரேம் இது:

10 08 43 03 01 28 01 13

முதல் 1, இது தொடர்ச்சியின் முதல் துண்டு என்கிறது. அடுத்து வரும் 008 மொத்த நீளம். 43 என்பது 03க்கான பதில் அடையாளம், அடுத்த 03 கோடுகளின் எண்ணிக்கை. பிறகு 01 28, அதாவது பி0128. 01 13, அதாவது பி0113. மூன்றாவது கோட் இந்த ஃபிரேமில் இல்லை. அது வர வேண்டுமானால் நான் ஓட்டக் கட்டுப்பாட்டு ஃபிரேம் ஒன்றை அனுப்ப வேண்டும்: 30 00 00. லாரியிலிருந்து முதல் மூட்டையை வாங்கி வைத்தவர் 'அடுத்ததைக் கொடு' என்று கை நீட்டுவதைப் போல. 3ஐ ஒட்டிய பூஜ்யம் தொடரலாம் என்கிறது, அடுத்த 00 எத்தனை துண்டானாலும் நிறுத்தாமல் அனுப்பு என்கிறது, கடைசி இடைவெளி தேவையில்லை என்கிறது. உடனே அடுத்த துண்டு வரும்:

21 05 62

பி0562. மின்னமைப்பின் அழுத்தம் குறைவு.

கை நீட்டத் தாமதமானால் எஞ்சின் கணினி காத்திருக்காது. ஐஎஸ்ஓ-டிபியில் இந்தக் காத்திருப்புக்குப் பொதுவாக 1000 மில்லிநொடி உண்டு. ஓபிடிக்கான 15765-4 அதை 75 மில்லிநொடியாக இறுக்குகிறது. அதைத் தாண்டினால் எஞ்சின் கணினி அந்தப் பதிலையே கைவிட்டுவிடும். மூன்று என்று எண்ணிக்கை சொல்லிவிட்டு இரண்டை மட்டும் காட்டிய ஒரு பாதிப் பதில்தான் கையில் மிஞ்சும்.

வேனை வைத்து இதைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வழியில்லை. நிற்கும் வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம்; பல்மாடி கார் நிறுத்துமிடத்தில் மணிக்கணக்காகச் சாவியைத் திருப்பிவைத்தாலும் பேட்டரிக்குக் கேடு. ஆகவே வீட்டு மேசையில் இன்னொரு ராஸ்பெரி பையையும் இன்னொரு போர்டையும் வைத்து எஞ்சின் கணினியாக நடிக்க வைத்தேன். இரண்டு முனைக்கும் 120 ஓம். அது மேலே சொன்ன பதிலையே தரும், 75 மில்லிநொடியில் கைவிடும், ஒவ்வொரு தடவையும் முதல் ஃபிரேமுக்கும் என் 30 00 00க்கும் நடுவே ஆன நேரத்தைக் கெர்னலின் நேரமுத்திரை வைத்துக் குறித்துக்கொள்ளும்.

முதலில் ஐஎஸ்ஓ-டிபியை முழுக்க யூசர் ஸ்பேஸில், சுத்த பைதானில் ஓட்டினேன். பெட்டி சும்மா இருந்தபோது பதில் சில மில்லிநொடிகளில் போனது. கெடுவுக்கு அருகில் கூட வரவில்லை. இத்தோடு நிறுத்தியிருந்தால் யூசர் ஸ்பேஸே போதும் என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் வேனில் இந்தப் பெட்டி சும்மா இருக்காது. எஸ்டி கார்டில் எழுதும், வைஃபை கிடைத்தால் கோப்புகளை மேலே அனுப்பும், தானாக அப்டேட் தேடும். எனவே மேசையிலும் வேண்டுமென்றே சுமை ஏற்றினேன்.

வெறும் சிபியு சுமையில் தாமதம் கூடியது, ஆனாலும் பெரும்பாலும் கெடுவுக்குள் நின்றது. நினைவகத்தை நெருக்கியபோதுதான் கதை மாறியது. 1 ஜிபி நிறையும் நிலையில் கெர்னல் முதலில் கைவைப்பது, கார்டிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளக்கூடிய பக்கங்களில் (நினைவகத்தின் சிறு துண்டுகளுக்குப் பக்கம் என்று பெயர்). பைதான் இன்டர்பிரட்டரின் குறிமுறைப் பக்கங்களும் அந்த வகைதான். முதல் ஃபிரேம் வருகிறது, புரோகிராம் எழுகிறது, அடுத்து ஓட வேண்டிய பக்கம் நினைவகத்தில் இல்லை, கார்டிலிருந்து படிக்க வேண்டும், அந்தக் கார்டோ எழுதும் வேலையில் மூழ்கியிருக்கிறது. 75 மில்லிநொடி போதவில்லை. மூன்றாவது கோட் வரவில்லை.

சராசரி வேகத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு இந்த இடத்தைத்தான் காட்ட விரும்புகிறேன். யூசர் ஸ்பேஸ் மெதுவானது என்ற பழைய குற்றச்சாட்டு இதற்குப் பொருந்தாது. டிரைவர்களைக்கூட வெளியே வைக்கும் சிறு கெர்னலுக்கு மைக்ரோகெர்னல் என்று பெயர்; மேக் என்ற மைக்ரோகெர்னலின் காலத்தில் செய்திப் பரிமாற்றம் கனமாக இருந்தது உண்மை. 1990களில் ஆய்வாளர் யோக்கன் லீட்கே தன் எல்4 மைக்ரோகெர்னல் மூலம் அது மைக்ரோகெர்னலின் தலையெழுத்து அல்ல, செய்த விதத்தின் குறை என்று காட்டினார். டிரைவர்களைக் கெர்னலுக்கு வெளியே வைக்கும் கியூஎன்எக்ஸ் இயங்குதளம் இன்று கார்களுக்குள்ளேயே ஓடுகிறது. என் மேசையிலும் யூசர் ஸ்பேஸின் வழக்கமான பதில் வேகமாகத்தான் இருந்தது. எப்போதோ ஒருமுறை வரும் மிக நீண்ட தாமதம்தான் பதிலைத் தின்றது. கெடு உள்ள பேச்சில் கணக்கில் வருவது அந்த ஒன்றுதான்.

வெளியே இருந்தபடியே இதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்தேன். முடியும். பைதானுக்கு நிகழ்நேர முன்னுரிமை கொடுத்தால் சிபியு சுமை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பக்கம் நினைவகத்தில் இல்லாத சிக்கல் அப்படியே நிற்கிறது. முன்னுரிமை எவ்வளவு உயர்ந்தாலும் கார்டு வேகமாகாது. ஐஎஸ்ஓ-டிபி பகுதியை மட்டும் சி மொழியில் சிறு புரோகிராமாக எழுதி, தன் நினைவகம் முழுவதையும் பூட்டிவைக்கச் சொன்னதும் அதுவும் தீர்ந்தது. எந்தச் சுமையிலும் கெடு தவறவில்லை. ஆக, யூசர் ஸ்பேஸில் இது ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். நிகழ்நேர முன்னுரிமை, பூட்டிய நினைவகம், அதற்கான அனுமதிகள், அதைப் பிற புரோகிராம்களோடு இணைக்க இன்னொரு பேச்சுமுறை: இவ்வளவையும் பராமரிக்க ஆள் இருந்தால் ஆகும்.

கெர்னலின் ஐஎஸ்ஓ-டிபி

கெர்னலுக்கான ஐஎஸ்ஓ-டிபி மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் துணைத் துண்டு) நெடுங்காலம் தனியே கிடைத்து, 2020 டிசம்பரில் வந்த 5.10 கெர்னலில் உள்ளே சேர்ந்தது. பைதான் 3.7 முதல் இந்த வகைச் சாக்கெட்டைத் தெரிந்துவைத்திருக்கிறது. இடைமுகத்தின் பெயர், கேட்கும் எண் 7இ8, அனுப்பும் எண் 7இ0. இந்த மூன்றையும் கொடுத்து சாக்கெட்டைக் கட்டினால் போதும். ஒரு பைட் '03' எழுதினேன். எட்டு பைட் திரும்பி வந்தது. நான் எழுதி வைத்திருந்த துண்டு சேர்க்கும் குறிமுறை, டைமர்கள், வரிசை எண் சரிபார்ப்பு எல்லாம் தேவையற்றுப் போயின.

இது எப்படிக் கெடுவைக் காக்கிறது? முதல் ஃபிரேம் வந்ததும் அதை வாங்கும் பாதையிலேயே, எந்தப் புரோகிராமையும் எழுப்பாமல், கெர்னல் 30 00 00ஐ அனுப்பத் தயார் செய்துவிடுகிறது. பைதான் அந்த நேரத்தில் கார்டுக்காகக் காத்திருந்தாலும் பரவாயில்லை. முழுப் பதில் சாக்கெட்டில் தயாராகக் கிடக்கும். கெர்னலின் குறிமுறையை நினைவகத்திலிருந்து யாரும் வெளியே தள்ளுவதில்லை. பைதானைத் திணறடித்த அதே சுமையில் மேசைச் சோதனை கெடு தவறாமல் ஓடியது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெர்னலுக்குள் போனால் தாமதமே இருக்காது என்று எண்ணக் கூடாது. எம்சிபி2515 டிரைவர், அனுப்பும் வேலையை ஒரு வொர்க்கியூவில், அதாவது பிறகு செய்யும் வேலைகளின் வரிசையில், போடுகிறது. எஸ்பிஐ பரிமாற்றம் முடியும்வரை காத்துத் தூங்க நேரலாம் என்பதால் அதை நேராகச் செய்ய முடியாது. அந்த வொர்க்கியூ இழை சாதாரண முன்னுரிமையில் ஓடுகிறது. எனவே கடும் சிபியு சுமையில் அனுப்புவது கொஞ்சம் தள்ளிப்போவதை நேரமுத்திரையில் பார்க்க முடிந்தது. 75 மில்லிநொடிக்கு அது தூசு. ஒரு மில்லிநொடிக்குள் பதில் வேண்டும் என்கிற வேலைக்கு இந்தச் சிப்பை எடுக்கமாட்டேன்.

இன்னொரு வசதி, கேட்க மட்டுமான நிலை. ஒரே உரையாடலை இரண்டு புரோகிராம்கள் கவனித்தால் இரண்டும் கை நீட்டிவிடக் கூடாது. பஸ்ஸில் இரட்டை ஓட்டக் கட்டுப்பாடு போகும். இரண்டாவது சாக்கெட்டைக் கேட்க மட்டும் என்று அமைத்தால் அது துண்டுகளைச் சேர்த்துத் தரும், எதையும் அனுப்பாது. என் பதிவு புரோகிராம் அப்படித்தான் இருக்கிறது.

மிச்சத்தை ஏன் உள்ளே தள்ளவில்லை

இவ்வளவு சுகமாக இருக்கிறதே, கோடுகளின் பொருள், வெப்பக் கணக்கு, பதிவு எல்லாவற்றையும் கெர்னல் மாட்யூலாக எழுதிவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெப்பம் வருவது ஒரு பைட். அதிலிருந்து 40 கழித்தால் செல்சியஸ். மின்னழுத்தம் இரண்டு பைட். சேர்த்து 1000ஆல் வகுத்தால் வோல்ட். இந்தக் கணக்கு ஒரு நொடி தாமதமானாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அதை நாளைக்கே மாற்ற வேண்டி வரலாம். பைதானில் பிழை இருந்தால் அந்தப் புரோகிராம் மட்டும் விழும், மறுபடி எழும். கெர்னலில் தவறான ஒரு பாயின்டர் (நினைவக முகவரி) முழுப் பெட்டியையும் சாய்க்கும், அல்லது அதைவிட மோசமாக, சாய்க்காமல் நினைவகத்தைக் கெடுக்கும்.

பாதுகாப்பும் உண்டு. 2021இல் கெர்னலின் இந்த ஐஎஸ்ஓ-டிபி பகுதியிலும், அதன் பக்கத்தில் இருக்கும், ஃபிரேம்களைக் குறித்த நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் மேனேஜர் பகுதியிலும் சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் எனும் முழு அதிகாரம் பெற வழிவிடும் ஓட்டைகள் கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டன. சாதாரணப் பயனர் இந்த வகைச் சாக்கெட்டைத் திறக்கக் கேட்டாலே மாட்யூல் தானாக ஏறிவிடும் அமைப்பு பல லினக்ஸ்களில் இருக்கிறது. அதாவது கேன் கம்பியையே கண்டிராத ஒரு சர்வருக்கும் அந்த ஆபத்து இருந்தது. வேனில் ஓடும் பெட்டியில் கெர்னலைப் புதுப்பித்து வைக்கிறேன். கேன் தேவையில்லாத மற்ற மெஷின்களில் இந்த மாட்யூல்கள் ஏறாதபடி தடுத்துவிட்டேன். கெர்னலில் சேரும் ஒவ்வொரு வரியும் எல்லோர் வீட்டுக்குள்ளும் நுழைகிறது என்பதால்தான் அங்கே எதைச் சேர்ப்பது என்பதில் இவ்வளவு சண்டை நடக்கிறது. டெஸ்க்டாப் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் டி-பஸ்ஸைக் கெர்னலுக்குள் கொண்டுவர 2014, 2015 வாக்கில் கேடிபஸ் என்ற பெயரில் நடந்த முயற்சி உள்ளே சேரவில்லை. பிறகு டி-பஸ் புரோக்கர் என்று யூசர் ஸ்பேஸிலேயே வேகமான ஒன்று எழுதப்பட்டது. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். அங்கே 75 மில்லிநொடியில் கைவிடும் எஞ்சின் கணினி யாரும் இல்லை.

நடுவழி எப்படி இருக்கும் என்பதற்கு லாரிகளில் கேன் மேல் ஓடும் விதிமுறையான ஜே1939 நல்ல எடுத்துக்காட்டு. அது 2019இல் 5.4 கெர்னலில் சேர்ந்தது. எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்ற அட்டவணை எல்லா புரோகிராம்களுக்கும் பொதுவானது, அதனால் கெர்னலில் இருக்கிறது. முகவரிக்கு உரிமை கோரிப் பேசும் வேலை ஒரு யூசர் ஸ்பேஸ் புரோகிராமில் இருக்கிறது. கத்தியால் கோடு போட்டது போலத் தெளிவான பிரிப்பு.

நானும் ஒரு இடத்தில் அந்த மாதிரிப் பிரித்தேன். வெப்பத்தை நொடிக்கு ஒருமுறை கேட்க வேண்டும். பைதானில் தூங்கி எழுந்து கேட்கலாம். அதற்குப் பதில் பிராட்காஸ்ட் மேனேஜரிடம் 'இந்த ஃபிரேமை ஒவ்வொரு நொடியும் அனுப்பு' என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். வரும் பதிலில் வெப்பத்துக்கான அடையாளமான 41 05 உள்ளதை மட்டும் பிரித்தெடுத்து, வெப்ப பைட் மாறினால் மட்டும் என்னை எழுப்பு என்றும் சொல்லலாம். சில நொடி பதிலே வராவிட்டால் அதையும் தெரிவிக்கும். எஞ்சின் அணைந்ததை அப்படித்தான் கண்டுகொள்கிறேன். இதன் தரவு அமைப்பைப் பைதானில் பைட் பைட்டாகக் கட்டுவது சிரமம். இடையே வரும் நிரப்பு பைட்கள் 32 பிட், 64 பிட் மெஷின்களில் வேறுபடும். பொறுமையாகச் செய்ய வேண்டும். கோடுகளைக் கேட்கும் நேரத்தில் இந்தச் சுற்றை நிறுத்திவிட்டு, பதில் முழுதாக வந்ததும் மறுபடி தொடங்குகிறேன். ஒரே எண்ணில் இரண்டு வகைப் பதிலும் வருவதால் கலந்துவிடக் கூடாது. எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்ற முடிவு பைதானிடம்.

வேன் சொன்னது

பதிவான வெப்பத்தின் வரைபடத்தைப் பார்த்ததும் முதல் கோட் விளங்கியது. விடிகாலை பாசிர் பாஞ்சாங்கில் கிளம்பும்போது 30 டிகிரியை ஒட்டித் தொடங்கும் வெப்பம், ஏ.ஒய்.இ விரைவுச்சாலையில் ஏறிய பிறகு 70ஐக் கூடத் தொடவில்லை. சிக்னலில் நின்றால் ஏறும், ஓடினால் இறங்கும். குளிர்விப்பு நீரின் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டதன் அடையாளம் அது. பி0128 சொல்வதும் அதுதான். குளிர் நாட்டில் இருந்தால் வண்டிக்குள் ஹீட்டர் சூடாகவில்லை என்று ஓட்டுநரே கண்டுபிடித்திருப்பார். இங்கே ஹீட்டரை யார் போடுகிறார்கள்? எஞ்சின் சூடேறாமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை.

கஷ்டப்பட்டு வரவழைத்த மூன்றாவது கோட் பேட்டரிப் பக்கம் காட்டியது. ஏர்கான் ஓடும்போது, வண்டி நின்ற நிலையில், மின்னழுத்தம் 12.5க்குக் கீழே விழுவதைப் பதிவில் காட்டினேன். காக்கி புக்கிட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அங்கிள் அதைப் பார்த்துவிட்டு, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் கழற்றினார். கார்பன் பிரஷ் தேய்ந்து அடிக்கு வந்திருந்தது. "இத மாத்தினா போதும். எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்ல" என்று அண்ணனிடம் சொன்னார். தெர்மோஸ்டாட்டும் பிரஷ்ஷும் மாறின. கோடுகளை அவரே அழித்தார்.

இப்போது வெப்பம் 80களில் ஏறி நிற்கிறது. அண்ணன் 5 வருடத்துக்கு நீட்டிக்க முடிவு செய்திருக்கிறார். பி0113 மட்டும் மறுபடி வந்திருக்கிறது, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் கோட் அது. அடுத்த சர்வீஸில் ஏர் ஃபில்டரை மாற்றும்போது அந்தக் கனெக்டரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பெட்டி சீட்டுக்கு அடியிலேயே இருக்கும்.